காத்தவராயன் ஏன் பெயரை மாற்றிக்கொண்டார்?

(மேனாம்பேட்டில் ஞாயிறு மாலைப் படிப்பு வட்டத்தில் பேசியது. எழுத்து வடிவத்துக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)



'நம் வாழ்வில் மறக்க முடியாத மனிதர்கள்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா தொடங்கி கம்பெனியில் நடத்தும் பயிற்சி வகுப்பு வரைக்கும் இந்தத் தலைப்பில் எத்தனை பேர் பேசிக் கேட்டிருப்போம்! ஒரு பெரிய மனிதரின் படத்தைத் திரையில் போடுவார்கள். இவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார், முன்னுக்கு வந்தார், நீங்களும் வாருங்கள் என்பார்கள். நாமும் கைதட்டிவிட்டு சமோசா சாப்பிடப் போவோம். அவர் வீட்டில் ஏன் விளக்கில்லை என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு பெயரைப் பற்றி. அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்தவர்களைப் பற்றி. அவர்களில் ஒருவர் இதே மேனாம்பேட்டில் இருந்தவர்.

1845 மே 20 அன்று சென்னையில் கந்தசாமி என்பவருக்கு ஒரு மகன் பிறந்தார். பெயர் காத்தவராயன். மேல்சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன் என்று கதைப்பாடல்கள் சொல்லும் காத்தவராயனை உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர்தான். இந்தக் காத்தவராயன் தமிழ் இலக்கணமும் சித்த மருத்துவமும் தத்துவமும் படித்தார். நம் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளிக் கதவு திறக்காத காலம் அது. அவருக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடம் இல்லை, ஓர் ஆசிரியர். வல்லகாளத்தி வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பது அந்த ஆசிரியரின் பெயர். படித்து முடித்த மாணவர் தன் பெயரைக் கைவிட்டார். ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். நாம் அயோத்திதாசப் பண்டிதர் என்று இன்று சொல்கிறோமே, ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைச் சொல்கிறோம்.

இன்று 'அயோத்தி' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் காதில் விழுவது வேறு என்று எனக்குத் தெரியும். அந்த அயோத்திக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இது சென்னையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ்ப் புலவரிடமிருந்து வந்த பெயர்.

பெயர் மாற்றத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சாதிப் பெயரைத் துறந்தவர்கள், மதம் மாறிப் புதுப் பெயர் வைத்துக்கொண்டவர்கள், கட்சிக்காகத் தூய தமிழ்ப் பெயர் பூண்டவர்கள் என்று பட்டியல் நீளும். நான் படித்தவரையில் ஆசிரியருக்குச் செலுத்தும் நன்றியாகப் பெயரையே மாற்றிக்கொள்வது அபூர்வம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்ற தகப்பன் வழியாக நமக்கு வருவது சாதி. தகப்பன் பெயரையோ தாத்தா பெயரையோ சுமந்தால் கூடவே ஊரும் தெருவும் வந்துவிடும். ஆசிரியர் வழியாக வருவது படிப்பு. தன்னை யார் என்று கேட்பவனுக்கு 'நான் இன்னாரிடம் படித்தவன்' என்று பதில் சொல்ல முடிவெடுத்திருக்கிறார் ஓர் இளைஞர், அதுவும் 19-ஆம் நூற்றாண்டில். நான் இதை வெறும் பணிவாகப் பார்க்கவில்லை. பிறப்பின் வரிசையில் இருந்து இறங்கி, படிப்பின் வரிசையில் போய் நின்றுகொண்ட செயலாகப் பார்க்கிறேன்.

அவருக்குக் குடும்பப் பெருமை பேச விஷயம் இல்லாமல் இல்லை. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் வீட்டில் திருக்குறளும் நாலடியும் ஓலைச்சுவடியாக இருந்தன, அவைதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போய் அச்சேறின என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். குறளும் நாலடியும் மூலபாடமாக 1812-இல் அச்சாயின. சமையல்கட்டில் நின்ற மனிதர் வீட்டில் சுவடி இருந்தது என்ற செய்தி நம்மில் பலருக்கே இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. ஏன் ஆச்சரியமாக இருக்க வேண்டும்? நாம் எழுத்தறியாதவர்களாகவே இருந்தோம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்?

பண்டிதரின் வரலாறு முழுவதையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக வருகிறார். எங்கள் மக்களை விஷ்ணு கோயிலுக்குள் ஏன் விடக்கூடாது என்று கேட்கிறார். சபையில் ஒருவர் எழுந்து, உங்கள் ஆட்களுக்குத்தான் மதுரை வீரன், காட்டேரி, கருப்பண்ணன் எல்லாம் கொடுத்திருக்கிறோமே என்கிறார். சாமியைக் 'கொடுத்திருக்கிறோம்' என்கிறார், கவனியுங்கள். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்கிறார் பண்டிதர். கோயில் கதவை மூடினால் பள்ளிக்கூடக் கதவைத் திற, நிலத்தைக் கொடு என்கிறார். 130 வருஷம் தாண்டிவிட்டது. அந்த இரண்டு கோரிக்கைகளும் இன்னும் நம் ஊர்வலப் பதாகைகளில் இருக்கின்றன.

1898-இல் இலங்கைக்குப் போய்ப் பவுத்தம் ஏற்றார். சென்னை திரும்பி ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம், புதன்கிழமை தோறும், விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914 மே 5 அன்று இறக்கும்வரை அதை நடத்தினார். அவருடைய எழுத்து எல்லாம் பெரும்பாலும் அந்தப் பத்திரிகைக்குள்தான் இருக்கிறது. பத்திரிகை அழிந்தால் மனிதரும் அழிந்துபோவார். ஒரு பைசா வார இதழை எத்தனை நாள் யார் வைத்திருப்பார்கள்? பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் தினம் ரயில் ஏறுபவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். அந்தத் தண்டவாளம் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை. 1856-இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போனது. அதையே பிடித்துக்கொண்டு மேற்கே போனால் அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. ஜோலார்பேட்டையில் ஒரு கிளை சேலம் பக்கம் திரும்புகிறது, அதில் அடுத்தது திருப்பத்தூர். இன்னொரு கிளை பங்காருப்பேட்டைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு சின்னக் கிளை மாரிக்குப்பம் வரை. அதுதான் கோலார் தங்கவயல். ராயப்பேட்டையில் அச்சான 'தமிழன்' இதழ்க் கட்டுகள் தங்கவயலுக்குப் போனது இந்தத் தண்டவாளம் வழியாகத்தான் இருக்க வேண்டும். நம் மேனாம்பேட்டைத் தாண்டித்தான் போயிருக்கும்.

தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைத் தொடங்கியது. வட ஆர்க்காட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிட மண்ணுக்கடியில் போவது மேல் என்று போனவர்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து செத்தவர்களின் கணக்கை இங்கே விரித்தால் இன்னொரு கூட்டம் போட வேண்டும். ஆனால் மாதச் சம்பளம் கையில் வந்தது. அந்தக் காசில் அவர்கள் செய்ததைப் பாருங்கள்: சந்தா கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், பள்ளி வைத்தார்கள், புத்தகம் அச்சிட்டார்கள். பண்டிதர் இறந்து பத்திரிகை நின்றுபோனபின், 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்து 'தமிழன்' பத்திரிகையை மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் எழுத்துகள் சிறு சிறு நூல்களாக வந்தன. சுரங்கத் தொழிலாளி காசில் வந்த நூல்கள் இவை. எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பிறந்து வளர்ந்தது தங்கவயல். எல்லோரும் அவரைத் தங்கவயல் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா நுரையீரல் கெட்டு இறந்ததைப் பார்த்தவர், நான் சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து லேத்தில் நின்றவர். ரிட்டையர் ஆனபின் சாயந்தரமானால் வாசலில் பாய் போட்டு உட்காருவார். தெருப் பிள்ளைகள் கூடுவோம். டியூஷன் என்று சொல்ல முடியாது, காசு வாங்க மாட்டார், பாடப் புத்தகத்தைத் தொட மாட்டார். அன்றைய பேப்பரை ஆளுக்கு ஒரு பத்தி உரக்கப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். யார் அச்சிட்டார், யார் வெளியிட்டார், எந்த விலாசம், ஆசிரியர் யார் என்று. அதையும் படிக்காமல் விடமாட்டார். "முடிச்சிட்டேன் தாத்தா" என்று எழுந்தால், "எங்க முடிச்ச? இன்னும் ஒரு வரி கீது பாரு கண்ணு" என்பார். எதுக்குத் தாத்தா அதைப் படிக்கணும் என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "மேல எய்தினது எல்லாம் அவன் சொல்றது. அவன் யாருன்னு கீய தான எய்திகீது" என்றார்.

பிற்பாடு ஆராய்ச்சிக்கு வந்தபோது எனக்கு அந்த ஒரு வரி கைகொடுத்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் போட்டே தீர வேண்டும் என்றது 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம். வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம். ஆனால் அதனால்தான் எந்தத் தெருவில், யாருடைய அச்சகத்தில், எந்தத் தொழிலாளி சங்கத்தின் செலவில் ஒரு சின்னப் பிரசுரம் வந்தது என்று இன்று கண்டுபிடிக்க முடிகிறது. என் ஆய்வேடு முழுக்கவே இந்தக் கடைசி வரிகளின் மேல்தான் நிற்கிறது என்றால் மிகை இல்லை. ஒரு நூலகத்தில் உட்கார்ந்து பழைய பிரசுரம் ஒன்றைப் புரட்டி, பழக்க தோஷத்தில் அடி வரியைப் பார்த்தேன். சித்தார்த்தா புத்தகசாலை, கோலார் தங்கவயல். அதே பெயரைத் தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் பார்த்திருந்தேன். அவருடைய தாத்தா 'தமிழன்' சந்தாதாரர் என்று அவர் சொல்லும்போது அது எனக்கு ஏதோ ஊர்ப் பெருமை மாதிரிதான் கேட்டிருந்தது. அப்போது நான் ஆறாவதோ ஏழாவதோ.

அந்தப் பெட்டி இப்போது இல்லை. நான் எம்.ஃபில். படிக்க வெளியூரில் இருந்த வருஷம் தாத்தா இறந்தார். வீட்டுக்காரர் இடத்தை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாகச் சொல்ல, பிள்ளைகள் அவசரமாகச் சின்ன வீடு பார்த்துப் போனார்கள். பெட்டியில் இருந்தது பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போயிற்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒற்றை அறை வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடம் எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரலாற்றை வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டும் தோழர்களே. சொந்த வீடு இருப்பவன் பரணில் போட்டு வைக்கிறான். வாடகை வீட்டில் இருப்பவன் ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் வரலாற்றை எடைக்குப் போட வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் சிலர் வைத்திருந்தார்கள். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் அன்பு பொன்னோவியம். திருப்பத்தூரில் தி.பெ. கமலநாதன். தங்கவயலில் இன்னும் பலர். எந்த ஆவணக் காப்பகத்திலும் சம்பளம் வாங்காதவர்கள். 'தமிழன்' இதழ்களையும் பழைய மனுக்களையும் துண்டறிக்கைகளையும் ஆண்டுக்கணக்கில் கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பாற்றினார்கள். கமலநாதன் தன்னிடம் இருந்த ஆதாரங்களை வைத்து 1985-இல் ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஆதிதிராவிடர் உரிமைகள் யாரால் கிடைத்தன என்று திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி சொன்னதற்கு மறுப்பு. பின்னர் அது தமிழிலும் வந்தது. பெரியாரை நேசிக்கிற தோழர்கள் அந்த நூலைக் கோபப்படாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் பெரியாரை நேசிப்பவள்தான். நமக்கு முன்னால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வது எந்த இயக்கத்துக்கும் நல்லதில்லை.

இவர்கள் எல்லோரும் காப்பாற்றி வைத்த இதழ்களில் இருந்துதான் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை உருவாக்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. 1914-இல் இறந்தவர், 1999-இல் எல்லோரும் வாங்கிப் படிக்கும் நூலாக வந்தார். நடுவில் 85 ஆண்டுகள். அதன் பிறகுதான் ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் என்று எத்தனையோ பேர் அவரைப் பற்றி எழுதினார்கள். 2005-இல் தபால்தலை வந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2023 டிசம்பர் 1 அன்று கிண்டியில் மணிமண்டபம் திறந்தார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 85 ஆண்டுகள் அவர் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், கிண்டியைக் காட்டாதீர்கள். தங்கவயல் லைன் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இருந்தார் என்று சொல்லுங்கள்.

ஆராய்ச்சி மாணவியாக இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகங்களில் நம்மைப் பார்த்தவுடன் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "நீங்க யாரோட ஸ்டூடண்ட்?" கேட்பதற்கு நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் வேறொன்று ஒளிந்திருக்கும். யார் உனக்குச் சிபாரிசு, யார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீ காப்பி குடித்திருக்கிறாய் என்பதுதான் அது. அப்பா பேராசிரியர், மாமா துணைவேந்தர், தாத்தா வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் என்று வருபவருக்கும் வழிகாட்டியவர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் கதையில் அந்த மனிதர்கள் காணாமல் போய்விடுவார்கள். எல்லாம் தகுதி, எல்லாம் சொந்த உழைப்பு என்று ஆகிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் கொண்டுவந்த ஆய்வு நூல், சாதியின் சேமிப்பு எப்படித் தகுதி என்ற பெயரில் உலவுகிறது என்று விரிவாகக் காட்டுகிறது. நமக்கு ஒருவர் ஒரு புத்தகம் கொடுத்தால் அது 'உதவி'. அவர்களுக்கு வீடே நூலகமாக இருந்தால் அது 'பின்னணி'. சொற்களைக் கவனியுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் இதில் எவ்வளவு வெளிப்படையாக இருந்தார் என்று பாருங்கள். பள்ளித் தேர்வில் தேறியதற்காகப் பம்பாயில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடக்கிறது. கிருஷ்ணாஜி கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுக்கிறார். மேற்கொண்டு படிக்கப் பணம் இல்லாதபோது பரோடா மன்னரிடம் அழைத்துப்போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தவரும் அதே கேலுஸ்கர்தான். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் நடந்ததற்கு ஒரு வேர் அந்தப் பரிசுப் புத்தகத்தில் இருக்கிறது, அண்ணலே அதை எழுதி வைத்திருக்கிறார். கொலம்பியாவில் தனக்குப் பாடம் எடுத்த ஜான் டூயியையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அயோத்திதாசரோடு பவுத்தப் பணியில் நின்று, சில விஷயங்களில் முரண்பட்டும் போன பேராசிரியர் பி. லட்சுமி நரசு, 1907-இல் பவுத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் 1934-இல் இறந்தார். 1948-இல் அந்த நூலை முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அண்ணல். சட்ட அமைச்சராக, அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவராக மூச்சுவிட நேரம் இல்லாத ஆண்டு அது. இறந்துபோன ஒரு சென்னைப் பேராசிரியரின் புத்தகத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

இந்த வரிசை அறுபடுவதும் உண்டு. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தார். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரோகித்தைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆராய்ச்சியாளரை இழந்தோம் என்கிறோம். எனக்கு இன்னொரு கணக்கும் தோன்றும். அவர் எழுதியிருக்க வேண்டிய புத்தகத்தைப் படித்து எந்த ஊரிலோ ஒரு பிள்ளை வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பிள்ளைகளை நாம் எண்ணவே முடியாது.

ஆசிரியரை மதிப்பதும் ஆசிரியரைக் கும்பிடுவதும் வேறு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பண்டிதரின் எழுத்தில் எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத இடங்கள் உண்டு. தாழ்த்தப்பட்டோர் என்று ஒரு பிரிவையும், இயல்பிலேயே தாழ்ந்தோர் என்று இன்னொரு பிரிவையும் பிரிக்கிறார். இரண்டாவதில் தோட்டித் தொழில் செய்வோரையும் சக்கிலியர், குறவர் மக்களையும் வைக்கிறார். அருந்ததியர் தரப்பில் இருந்து ம. மதிவண்ணன் போன்றவர்கள் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சாதிபேதமற்ற திராவிடர் என்று பெரிய கனவு கண்ட மனிதருக்கு, மலம் அள்ளவைக்கப்பட்டவர் தன் பக்கத்தில் நிற்பவராகத் தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர் பெயரை எடுத்துக்கொண்ட காத்தவராயன்கூட ஆசிரியர் சொன்னதோடு நிற்கவில்லை. கடைசியில் போய் நின்ற இடம் பவுத்தம்.

அதே சென்னையில் அருந்ததியர் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். (மூன்று கைகள்.) 1920-களில் சென்னை சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு இரவில் விளக்கேற்றி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் யார் யார், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? நம்மில் யாராவது தேடத் தொடங்கலாம். பண்டிதருக்கு ஒரு தங்கவயல் இருந்தது. குருசாமிக்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை.

நான் பேசி முடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, தோழர் கையைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். நம் தெருக்களில் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். தொழிற்சங்கத் துண்டறிக்கை, வேலைநிறுத்த நோட்டீஸ், அம்பேத்கர் பிறந்தநாள் அழைப்பிதழ், புத்தர் படம் போட்ட கல்யாணப் பத்திரிகை, இரவுப் பள்ளி நோட்டு, குரூப் போட்டோ என்று எது வீட்டில் இருந்தாலும் அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள். பெரிய தலைவர் படம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கறை படிந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டுவதற்கு செல்லோடேப் மட்டும் போடாதீர்கள், அது காகிதத்தைத் தின்றுவிடும். இங்கேயே ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். போட்டோவாக இருந்தால் அதில் நிற்பவர்களின் பெயர்களை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள், இடமிருந்து வலமாக. நிற்பவர்களைத் தனியாக, உட்கார்ந்திருப்பவர்களைத் தனியாக. அச்சடித்த தாளாக இருந்தால் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அது தெரியும்படி மடிக்காமல் கொண்டுவாருங்கள்.

ஸ்கேனர் ஒரு தோழர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மணிக்கெல்லாம் நான் இங்கே இருப்பேன்.